தாழ்த்தப்பட்ட மஸில் கார்களில் பின்னச்சின் கோணம்: ஒரு பரிசீலனை

1964-ல் பான்டியாக் கம்பெனியார் நடுத்தர உடலுள்ள தங்கள் டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்கத் தொடங்கிய நாள்முதல், எழுபதுகளின் ஆரம்பத்தில் பெட்ரோல் நெருக்கடியும் இன்ஷூரன்ஸ் கட்டணமும் சேர்ந்து அந்த வம்சத்தை அடக்கிய காலம் வரையில், அமெரிக்காவில் தயாரான மஸில் கார்கள் பலவும் இன்றைய கண்ணுக்குச் சற்று உயரமாகவே நிற்கின்றன. ஆகவே அவற்றைப் புதுப்பிக்கும் அன்பர்கள் முன்னும் பின்னும் இரண்டு மூன்று அங்குலம் இறக்கிவிடுகிறார்கள். வண்டியின் தோற்றம் கம்பீரமாகிறது. வளைவுகளில் அது சாய்வதும் குறைகிறது. ஆனால் சாலையில் 60 மைல் வேகத்தைத் தொட்டவுடன், முன்பு ஒருநாளும் இல்லாத ஓர் அதிர்வு ஆசனத்தின் வழியாக முதுகெலும்புக்கு ஏறுகிறது. அதன் காரணத்தைத் தேடிப் புறப்படுகிற மனிதர், பினியன் கோணம், அதாவது நடுத்தண்டு வந்து சேரும் பின்னச்சுப் பல்சக்கரத் தண்டின் சாய்வு, எத்தனை பாகை இருக்கவேண்டும் என்று பத்துப் பேரைக் கேட்டால், பூஜ்யம் என்றும், இரண்டு என்றும், நான்கு என்றும், ஏழு என்றும் பத்து விடைகள் வந்து சேர்கின்றன. விடை சொன்னவர் ஒவ்வொருவரும் தம் கையால் வேலை செய்து கண்ட அனுபவத்தையே சொல்கிறார் என்பதுதான் இதிலுள்ள பெரிய சங்கடம். இந்த அபிப்பிராய பேதத்துக்கு மூலம் எது, வண்டியைத் தாழ்த்தும்போது உண்மையில் மாறுவது எது என்று நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஷயம் யுனிவர்சல் ஜாயிண்ட் என்னும் சிலுவை மூட்டிலிருந்து தொடங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியக் கணித மேதை கார்டானோவின் பெயராலும், பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயராலும் வழங்கிவரும் இந்த மூட்டு, ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கும் இரண்டு தண்டுகளுக்கிடையே சுழற்சியைக் கடத்துகிறது. ஆனால் அந்தச் சுழற்சியை உள்ளபடியே கடத்துவதில்லை. உள்ளே வரும் தண்டு ஒரே சீரான வேகத்தில் சுழன்றாலும், வெளியே செல்லும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தயங்குகிறது. மூட்டின் கோணம் 3 பாகையானால் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்குச் சுமார் 0.14, அதுவே 6 பாகையானால் 0.55. கோணம் இருமடங்கானால் குற்றம் நான்கு மடங்காகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மிகச் சொற்பமான தொகைதான். ஆயினும் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றுகிற ஒரு கனத்த எஃகுக் குழாயை நொடிக்கு நூறு தடவை பிடித்து இழுத்து விடுவதென்றால், அந்தச் சொற்பமே வண்டியின் தரைத்தகடு முழுவதையும் முரசாக்கிவிடப் போதுமானது.

இதற்குப் பரிகாரம் இரண்டாவது மூட்டு. கியர்பாக்ஸின் வாலில் ஒன்று, பின்னச்சின் பினியன் முனையில் ஒன்று என்று இரண்டு மூட்டுகளை வைத்து, இரண்டின் கோணத்தையும் சமமாக்கி, நடுத்தண்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகளை ஒரே தளத்தில் அமைத்துவிட்டால், முதல் மூட்டு உண்டாக்கும் தயக்கத்தை இரண்டாவது மூட்டு அப்படியே திருப்பிக் கொடுத்து நேர்செய்துவிடுகிறது. எஞ்சினின் கிராங்க் தண்டு பின்னோக்கிச் சரிந்து நிற்கும் கோடும், பினியன் நிற்கும் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இந்தச் சமநிலை தானே கிடைக்கும். ஓட்டத்தில் பினியன் இந்த இணைகோட்டிலிருந்து விலகிவிடும் பிரச்னை ஒரு காலத்தில் பல கார்களுக்குக் கிடையாது. 1954 வரை ஷெவ்ரலே கார்களிலும் 1960 வரை ப்யூக் கார்களிலும், சுழலும் தண்டை ஒரு கனமான குழாய்க்குள் மூடி, அக்குழாயைப் பின்னச்சோடு அசையாமல் பிணைத்திருந்தார்கள். பினியன் தலை தூக்க அங்கே வழியில்லை. குழாயின் பாரத்தை நீக்கி, தண்டைத் திறந்த வெளியில் விட்டு, பின்னச்சு முறுகும் விசையைப் பட்டை ஸ்பிரிங்குகளே தாங்கட்டும் என்று விட்ட ஹாட்ச்கிஸ் முறையே பிற்பாடு எங்கும் பரவியது. நம் நாட்டு அம்பாசிடர் காரின் அடியில் குனிந்து பார்த்தவர்கள் அறிந்த அமைப்பு இதுதான்.

பட்டை ஸ்பிரிங் ஒரே சமயத்தில் மூன்று உத்தியோகம் பார்க்கிறது: பாரத்தைச் சுமக்கிறது, அச்சை அதன் ஸ்தானத்தில் நிறுத்துகிறது, அச்சின் முறுக்கத்தையும் எதிர்க்கிறது. இந்த மூன்றாவது காரியத்தில் அது வளைந்து கொடுக்கத்தான் செய்யும். 400 அடி-பவுண்டு முறுக்குவிசையுள்ள ஓர் எஞ்சினை, 2.20 விகிதமுள்ள முதல் கியர், 3.55 விகிதமுள்ள கிரவுன்-பினியன் ஆகியவற்றின் வழியாகச் செலுத்தினால், பின் சக்கரங்களில் 3,100 அடி-பவுண்டுக்கு மேல் சேருகிறது. சக்கரம் முன்னோக்கி உருளும்போது அச்சின் கூடு எதிர்த்திசையில் சுழல முனைகிறது. கூட்டோடு சேர்ந்த பினியனின் மூக்கு மேலே எழும்புகிறது. பிரேக் போட்டால் இதற்கு நேர்மாறாக மூக்கு கவிழ்கிறது. 1967-ல் வெளிவந்த முதல் கமாரோ கார்களில் பின்புறம் ஒற்றைப் பட்டையே இருந்தபடியால், வேகமாகக் கிளப்பும்போது அச்சு தத்தித் தத்திக் குதித்தது என்பது பிரசித்தம். மறுவருஷமே ஷாக் அப்சார்பர்களை ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னுமாக மாற்றி வைக்கும்படி ஆயிற்று. கிரைஸ்லர் எஞ்சினீயர்கள் இதை முன்கூட்டியே யோசித்து, பட்டையின் முன்பாதியைக் குட்டையாகவும் விறைப்பாகவும் அமைத்து, பினியனின் தலைக்கு மேலே ஒரு ரப்பர்க் கட்டையையும் வைத்திருந்தார்கள். அவர்களுடைய ரோட் ரன்னரும் சார்ஜரும் கிளம்பும் வேகத்தில் பெயர் வாங்கியதற்கு எஞ்சின் மட்டும் காரணமல்ல என்பது என் துணிபு.

ஓட்டத்தில் மூக்கு எழும்புமாதலால், நிற்கும்போதே அதைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் பாரம் ஏறும்போது இரு கோடுகளும் இணையாகிவிடும் என்பதுதான் பினியன் கோணத்தைப் பற்றிய எல்லா உபதேசங்களுக்கும் அடிப்படை. இவ்வளவில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். கருத்து வேற்றுமை பிறப்பது அந்தத் தாழ்வை எதிலிருந்து அளப்பது என்பதில்தான். ஒரு காரைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னோக்கி 3 பாகை சரிந்திருக்கின்றன. நடுத்தண்டு பின்னோக்கி 5 பாகை சரிந்திருக்கிறது. பினியனின் மூக்கு தரைமட்டத்துக்கு மேலே 1 பாகை நிமிர்ந்திருக்கிறது. தரையை ஆதாரமாகக் கொள்பவர் இதை ஒரு பாகை மேல்நோக்கிய கோணம் என்பார். கிராங்க் கோட்டை ஆதாரமாகக் கொள்பவர், மூன்று இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருப்பதால், இரண்டு பாகை கீழ்நோக்கியது என்பார். பந்தயத் தடத்தில் பழகியவரோ நடுத்தண்டோடு ஒப்பிட்டு நான்கு பாகை கீழ்நோக்கியது என்று சாதிப்பார். கார் ஒன்று, அச்சு ஒன்று, கோணமும் ஒன்று. எண்கள் மட்டும் மூன்று. அந்தப் பத்து விடைகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவை. தரை சாய்ந்திருந்தால் முதல் எண் பொய்யாகும். வண்டியின் உயரம் மாறினால் மூன்றாவது எண் மாறிவிடும். எஞ்சினுக்கும் பினியனுக்கும் உள்ள சம்பந்தத்தையே நேராகக் கூறும் இரண்டாவது எண் ஒன்றுதான் நம்பத்தக்க பிரமாணம்.

இந்தத் தெளிவோடு தாழ்த்தும் காரியத்துக்கு வருவோம். மஸ்டாங், கமாரோ, சார்ஜர் முதலிய பட்டை ஸ்பிரிங் கார்களில் அச்சு பட்டையின் மேலே அமர்ந்திருக்கிறது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே 2 அங்குலக் கட்டை ஒன்றைச் செருகினால் அந்த அளவுக்கு உடல் இறங்குகிறது. இதனால் பினியன் கோணம் கெட்டுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் கட்டையின் இருமுகங்களும் இணையாக இருக்கும்வரையில், அதே பாரத்தைச் சுமக்கும் பட்டை அதே வடிவில்தான் நிற்கிறது. அச்சும் பட்டையோடு முன்பிருந்த அதே சாய்வில்தான் அமர்கிறது. ஆகவே கிராங்க் கோட்டுக்கும் பினியன் கோட்டுக்குமுள்ள சம்பந்தம் சிறிதும் மாறுவதில்லை. முன்புறத்தை இறக்கினாலும் அப்படியே: எஞ்சின், பட்டையின் இரு காதுகள் ஆகிய எல்லாமே உடலோடு பிணைந்தவையாதலால், உடல் முன்னோக்கிக் குனியும்போது அவையனைத்தும் சேர்ந்தே குனிகின்றன, தரையை ஆதாரமாக வைத்து அளப்பவர் மட்டுமே ஏதோ மாறிவிட்டதாகக் கலங்குவார்.

மாறுவது நடுத்தண்டின் சாய்வு. அச்சு உடலை நோக்கி 2 அங்குலம் ஏறிவிட்டதால், 52 அங்குல நீளமுள்ள தண்டு ஏறக்குறைய 2.2 பாகை நிமிர்ந்துகொள்கிறது. நாம் கற்பித்த காரில் 5 பாகை சரிந்திருந்த தண்டு இப்போது 2.8 பாகை சரிந்திருக்கும். முன்மூட்டில் 2 பாகையாக இருந்த கோணம் 0.2 பாகைக்குச் சுருங்கிவிடும். கோணம் சுருங்குவது நல்லதுதானே என்று தோன்றலாம். அளவுக்கு மேல் சுருங்குவது நல்லதல்ல. சிலுவையின் கிண்ணங்களுக்குள்ளே ஊசிபோன்ற உருளைகள் இருக்கின்றன. மூட்டு வளைந்து வேலை செய்தால்தான் அவை உருண்டு, கிரீஸைப் பரப்பிக்கொண்டு, தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ளும். மூட்டு நேராகவே நின்றுவிட்டால் ஒவ்வோர் ஊசியும் தான் நின்ற இடத்திலேயே பாரத்தை வாங்கி, நாளடைவில் எஃகில் பள்ளம் பதித்துவிடும். மூட்டுக்கு அரைப் பாகையாவது, கூடுமானால் ஒரு பாகை, கோணம் வேண்டும் என்ற விதி இதனால் ஏற்பட்டது. மேல் எல்லை வேகத்தைப் பொறுத்தது: நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஏறக்குறைய 5.8 பாகை வரை பொறுக்கும் மூட்டு, 5,000 சுற்றில் 3 பாகைக்குச் சற்று மேலேயே முறையிடத் தொடங்கும். சாலைக் காருக்கு 1 முதல் 3 பாகைக்குள் இருந்தால் க்ஷேமம்.

சுருங்கிய கோணத்தை மீட்க அச்சை வெட்டவேண்டியதில்லை. கியர்பாக்ஸின் வால் அமர்ந்திருக்கும் மவுண்டில்தான் மருந்து இருக்கிறது. எஞ்சின் மவுண்டிலிருந்து வால் மவுண்டு 40 அங்குலம் பின்னால் இருப்பதாகக் கொண்டால், வாலை அரை அங்குலம் இறக்கியதும் எஞ்சினின் சாய்வு 3.7 பாகையாகிறது, தண்டின் முன்முனையும் கூடவே இறங்குவதால் தண்டின் சாய்வு 2.3 பாகைக்கு அருகில் வருகிறது. 0.2 ஆக இருந்த முன்மூட்டின் கோணம் இவ்வாறு 1.4 பாகைக்கு ஏறிவிடுகிறது. ஒரு சிறு எஃகுத் தகட்டின் கனத்தில் இவ்வளவு பலன் இருக்கிறது. இதன்பின் பினியனும் 0.7 பாகை நிமிர வேண்டுமென்பதை மறக்கலாகாது. வாலை உயர்த்தியும் இதைச் சாதிக்கலாமாயினும், தாழ்த்திய வண்டியில் தண்டுக்கும் அதன்மேல் கவிந்த தரைச்சுரங்கத்துக்கும் இடைவெளி ஏற்கெனவே குறைந்திருப்பதால், அதற்குமுன் அச்சு முழுவதும் மேலேறியபோது தண்டு எங்கே உரசும் என்று பார்த்துவிட வேண்டும். எஞ்சினின் சாய்வை அதிகம் மாற்றினால் கார்புரேட்டரும் சமநிலையை இழக்கும். அதன் பீடம் எஞ்சினின் இயல்பான சாய்வைக் கணக்கிட்டே கடையப்பட்டது.

கட்டை வைத்தால் அச்சின் முறுக்கம் அதிகமாகும் என்ற மற்றொரு கொள்கையும் பரவலாக இருக்கிறது. இது பட்டை அச்சின் மேலே இருக்கும் லாரி வகை வண்டிகளை உயர்த்திக் கட்டியவர்களின் அனுபவம். அங்கே கட்டை பட்டையைத் தரையிலிருந்து மேலும் தூரமாக்குகிறது. பட்டையை முறுக்குவது, சக்கரம் தரையைத் தள்ளும் விசையும், தரையிலிருந்து பட்டை நிற்கும் உயரமும் சேர்ந்த பெருக்கமே. நம் மஸில் கார்களில் பட்டை அச்சின் கீழே இருப்பதால், கட்டை அதைத் தரைக்கு அருகில் கொண்டுவருகிறது. கணக்குப்படி நெம்பின் நீளம் குறைகிறதேயொழிய வளர்வதில்லை. கட்டையில் அபாயம் இல்லையென்று நான் சொல்லவில்லை. அபாயம் யு போல்ட்டுகளின் பிடிப்பிலும், சென்டர் போல்ட்டின் தலை கட்டையின் குழியில் சரியாக அமர்வதிலும் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டைகளை அடுக்குவது மன்னிக்கத் தகாத காரியம்.

பட்டையின் காதுகளின் ஸ்தானத்தை மாற்றித் தாழ்த்தினால் கதை வேறு. முன்காதைத் தாங்கும் துளையை உடலில் ஓர் அங்குலம் மேலே மாற்றினால், 55 அங்குலப் பட்டை முழுவதும் ஏறக்குறைய ஒரு பாகை பின்னோக்கிச் சாய்ந்து, பினியன் மூக்கு அந்த அளவு நிமிர்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஆப்பு வடிவமான தகடுகள் உதவுகின்றன: தடித்த முனை பின்புறம் இருந்தால் மூக்கு தாழும், முன்புறம் இருந்தால் உயரும். அலுமினியத்தில் வார்த்த ஆப்புகள் பாரத்தில் நசுங்கியும் விரிசல் விட்டும் போகக்கூடுமாதலால், எஃகு ஆப்புகளையே வாங்குவது புத்திசாலித்தனம். அச்சின் பீடங்களை அறுத்து மறுபடி வெல்டிங் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு: 3 அங்குல விட்டமுள்ள அச்சுக் குழாயின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது 26 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 26 பங்கு) தூரமே, மில்லிமீட்டரில் 0.66. கண்ணளவை நம்பி வெல்டிங் செய்வதற்கு இது இடமில்லை.

சுருள் ஸ்பிரிங் வைத்த ஜெனரல் மோட்டார்ஸ் நடுத்தரக் கார்களில், அதாவது 1964 முதல் 1972 வரையிலான ஷெவெல், ஜி.டி.ஓ. முதலியவற்றில், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கைகள் அச்சைப் பிடித்திருக்கின்றன. மேற்கைகள் கீழ்க்கைகளைவிடக் குட்டையானவை. குட்டைக் கை ஒரு வட்டத்திலும் நெட்டைக் கை வேறொரு வட்டத்திலும் சுழல்வதால், அச்சு மேலேறும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் பினியன் திரும்பிக்கொண்டே போகிறது. ஆக, ஸ்பிரிங்கைக் குட்டையாக்கித் தாழ்த்தும்போது இணைகோடுகளே கெடுவது இந்த வகையில்தான். எவ்வளவு கெட்டது என்பதை அளந்துதான் அறியவேண்டும். நீளத்தை மாற்றத்தக்க மேற்கைகளைப் பொருத்தித் திருத்துவதே இங்கே வழி.

நிற்கும்போது எத்தனை பாகை தாழ்வு கொடுப்பது என்ற பழைய கேள்விக்கு இனி விடை சொல்லலாம். கால் மைல் பந்தயத்தில் ஓடும் பட்டை ஸ்பிரிங் காருக்கு ஐந்து பாகையும் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது முழு விசையில் இணையாவது மட்டுமே. சாலையில் ஓடும் கார் 60 மைலில் நிலையாகச் செல்லும்போது செலவழிப்பது சில பத்துக் குதிரைசக்திதான். அப்போது பட்டை முறுகுவது அற்பம். ஐந்து பாகை தாழ்த்திய கார் பிரயாணம் முழுவதும் ஐந்து பாகை கோணலாகவே ஓடும். ஆகவே சாலைக் காருக்குப் பட்டை ஸ்பிரிங் ஆனால் 2 பாகையும், ரப்பர் புஷ் வைத்த நான்கு கைகளானால் 1 பாகையும், ரப்பரே இல்லாத விறைப்பான பிடிப்புகளானால் அரைப் பாகைக்கு மேற்படாமலும் கொடுப்பதே சரி என்பது என் முடிவு. இன்னொன்று: இரு மூட்டுகளின் வித்தியாசம் ஒரு பாகைக்குள் இருந்தால் போதும் என்று சொல்வது பாதி உண்மை. எஞ்சியிருக்கும் குற்றம் கோணங்களின் வித்தியாசத்தை அல்ல, அவற்றின் வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பொறுத்தது. ஒரு மூட்டு 1, மற்றது 2 பாகையானால், எஞ்சுவது 1.7 பாகையுள்ள ஒற்றை மூட்டுக்குச் சமம். 4, 5 பாகையானால் 3 பாகைக்குச் சமம். சிறிய கோணங்களில் பிழை மன்னிக்கப்படும். பெரிய கோணங்களில் மன்னிக்கப்படாது.

அதிர்வு எந்த மூலத்திலிருந்து வருகிறது என்று நிச்சயிக்கவும் எண்கள் துணை செய்கின்றன. 26 அங்குல டயரும் 3.55 விகிதமும் உள்ள கார் 60 மைலில் செல்லும்போது நடுத்தண்டு நிமிஷத்துக்குச் சுமார் 2,750 சுற்று, அதாவது நொடிக்கு 46 சுற்றுச் சுற்றுகிறது. தண்டு எடை சமன் தவறியிருந்தால் நொடிக்கு 46 தடவை அதிரும். கோணம் தவறியிருந்தால் இருமடங்காக, 92 தடவை, மெல்லிய ரீங்காரமாக ஒலிக்கும். அந்த வேகத்தில் கியரை நியூட்ரலில் தள்ளி எஞ்சினை ஓயவிட்டும் ரீங்காரம் தொடர்ந்தால், குற்றம் எஞ்சினில் இல்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, விட்டவுடன் மறைந்தால் மூக்கு மிகையாக எழும்புகிறது. விட்டபோது வந்து அழுத்தும்போது மறைந்தால் மிகையாகக் கவிழ்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

எனவே, வண்டியைத் தாழ்த்த நினைக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. பழைய உயரத்தில், நான்கு சக்கரமும் பாரம் தாங்கி நிற்கும்போது, கடைந்த முகங்களின்மேல் கோணமானியை வைத்து, எஞ்சின், தண்டு, பினியன் ஆகிய மூன்றின் சாய்வையும் அளந்து ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு ஸ்பானரைத் தொடுங்கள். ஜாக்கியில் தொங்கும் அச்சில் எடுத்த அளவு ஒரு காசுக்கும் பெறாது. வேலை முடிந்ததும் அதே மூன்றையும் மறுபடி அளந்து, கியர்பாக்ஸுக்குள் சறுக்கும் கவைக்கு முக்கால் முதல் ஓர் அங்குலம் வரை இடம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து, ஸ்பிரிங் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தன் பாரத்தில் நிற்கும் நிலையிலேயே இறுக்குங்கள். நூறு மைல் ஓடியபின் யு போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.